சாமியில்லாத வெந்நீர்

எஃப் அண்ட் என் என்றதும் சிங்கப்பூரில் வளர்ந்த எவருக்கும் ஆரஞ்சு சோடாதான் நினைவுக்கு வரும். நூறாண்டுக்கு முன்பு அந்த நிறுவனம் வேறொரு சரக்கும் விற்றது. செம்பவாங்கில் பூமிக்குள்ளிருந்து சூடாகப் பொங்கிய நீரைப் போத்தலில் அடைத்து, ‘ஸோம்புன்’ என்று பெயர் வைத்துக் கடைக்கு அனுப்பியது. குடித்தால் பேதியாகும். விஷயம் தெரியாத நண்பனுக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு அவன் படும் பாட்டைப் பார்த்துச் சிரிப்பது அந்நாளில் ஒரு விளையாட்டாகவே இருந்ததாம். அதே ஊற்றுநீர் ‘சாலிடாரிஸ்’, ‘சிங்கா வாட்டர்’, ‘விஷி வாட்டர்’ என்ற பெயர்களிலும் விற்றது.

கடைசிப் பெயரில் கொஞ்சம் துணிச்சல் இருக்கிறது. விஷி, பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் ஊர். ரோமர்கள் அங்கே வெந்நீரைக் கண்டு குடியேறிய காலத்திலிருந்து இன்றுவரை அந்த ஊரின் பிழைப்பே தண்ணீர்தான். 2021இல் யுனெஸ்கோ, ஐரோப்பாவின் மாபெரும் வெந்நீர் நகரங்கள் என்று 7 நாடுகளில் 11 ஊர்களை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது விஷியும் அதில் இருந்தது. சீசர்களின் காலத்துப் பெருமை கொண்ட அந்தப் பெயரை, அன்னாசியும் ரப்பரும் விளைந்த செம்பவாங்கில் ஊறிய நீருக்கு ஒட்டிவிட்டார்கள். ரோமாபுரிக்கும் நம் ஊற்றுக்கும் உள்ள ஒரே உறவு அந்தப் போத்தல் சீட்டு மட்டுமே.

வெந்நீர் ஊற்று ஒன்று கிடைத்துவிட்டால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு உலகம் முழுக்க ஒரு வாடிக்கை உண்டு. முதலில் ஒரு சாமி வரும். சாமிக்குக் கோயில் வரும். கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சத்திரம், நோயாளிகளுக்கு வைத்தியர், எல்லாருக்குமாகக் கடைத்தெரு, கடைசியில் நுழைவுச்சீட்டு. செம்பவாங் இந்த வரிசையில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பின்பற்றவில்லை. அந்த ஊற்றில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

வாடிக்கையைக் கச்சிதமாகப் பின்பற்றிய ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க, இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் போக வேண்டும். பக்கத்து மெண்டிப் குன்றுகளில் பெய்த மழை சுண்ணாம்புப் பாறைகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வெடிப்புகளின் ஊடாக மேலே ஏறி வருகிறது. வெளியே வரும்போது 46 டிகிரி செல்சியஸ். ஒரு நாளைக்கு 11 லட்சம் லிட்டருக்கும் மேல். உள்ளூர்க் கெல்டிக் மக்கள் அதில் சூலிஸ் என்ற தெய்வத்தைக் கண்டார்கள். கி.பி. 43இல் பிரிட்டனுக்குள் படையெடுத்து வந்த ரோமர்கள் அந்தத் தெய்வத்தை விரட்டவில்லை. தங்கள் மினர்வாவை அதோடு சேர்த்து ‘சூலிஸ் மினர்வா’ ஆக்கிவிட்டார்கள். ஊரம்மனுக்குப் பெருந்தெய்வத்தின் பெயரைச் சூட்டிச் சேர்த்துக்கொள்ளும் வித்தை நமக்கொன்றும் புதிதல்ல. கி.பி. 60, 70களில் கோயிலும் குளியல் மண்டபமும் எழுந்தன. பெரிய குளத்தின் அடித்தளத்தில் அவர்கள் விரித்த 45 ஈயத்தகடுகள் இன்றும் தண்ணீரைக் கசியவிடாமல் கிடக்கின்றன.

குளத்தைவிட எனக்குச் சுவையாகத் தெரிவது ஊற்றின் அடியில் கிடைத்த சாபத்தகடுகள். ஏறத்தாழ 130 தகடுகள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகட்டில் குறையைக் கீறிச் சுருட்டி, தெய்வம் படிக்கட்டும் என்று நீரில் போட்டிருக்கிறார்கள். பேரரசைப் பற்றிய குறை எதுவும் அதில் இல்லை. குளிக்கப் போன இடத்தில் மேலாடை திருட்டுப் போனது, காசு போனது என்ற வயிற்றெரிச்சல்தான் பெரும்பாலும். டொசிமெடிஸ் என்றொருவருக்கு இரண்டு கையுறைகள் தொலைந்திருக்கின்றன. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டுமாம். இரண்டு கையுறைக்கு இவ்வளவா என்று சிரிக்கலாம். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லுக்கு முன்னால் மிளகாய் அரைத்துப் பூசும் பெண்களைப் பார்த்திருக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். திருட்டுக் கொடுத்தவருக்குக் காவல் நிலையத்தைவிடத் தெய்வம் பக்கத்தில் இருக்கிறது, 1,800 ஆண்டுகளுக்கு முன்பும் இப்போதும்.

பாத் நகரத்தின் பரிதாபம் ஒன்று உண்டு. அவ்வளவு புகழ்பெற்ற அந்த ரோமர் குளத்தில் இன்று கால் நனைக்கக்கூட அனுமதி கிடையாது. கூரை போய்விட்டதால் வெயில் பட்டுப் பாசி பிடித்து நீர் பச்சையாக நிற்கிறது. 1978இல் அந்த ஊற்றுநீரில் நீந்திய ஒரு சிறுமி, மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்ததும் குளியலை நிறுத்திவிட்டார்கள். ஆழ்துளை போட்டுச் சுத்தமான வெந்நீர் எடுத்து, புதிய குளியல் நிலையம் ஒன்றை 2006இல் திறக்கும்வரை, குளியலின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஊரில் வெந்நீரில் குளிக்க வழியில்லாமல் இருந்தது. இப்போதும் பழைய மண்டபத்துக்கு ஒரு சீட்டு, புதிய குளத்துக்கு இன்னொரு சீட்டு.

நம் பக்கத்தில் தமிழர்கள் கைநனைத்த வெந்நீர் என்றால் திருகோணமலைக்கு அருகே கன்னியாதான். அடுத்தடுத்து ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு. தாய்க்கு ஈமக்கடன் செய்ய நீர் வேண்டி இராவணன் வாளால் ஏழு இடங்களில் குத்தினான், அங்கே சுடுநீர் பீறிட்டது என்பது கதை. அதனால் அந்தக் கரையில் பெற்றோருக்குக் கிரியை செய்யும் வழக்கம் வந்தது, பிள்ளையார் கோயில் வந்தது. பௌத்தச் சின்னங்களும் அங்கே இருந்ததாகக் கூறித் தொல்லியல் திணைக்களம் உரிமை கொண்டாட, 2019 ஜூலையில் தமிழர்கள் திரண்டு போராடினார்கள். ஒரு வாளித் தண்ணீர் யாருடையது என்ற கேள்வி அங்கே இராவணன் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

இந்தப் பின்னணியோடு தேக்காவில் ரயில் ஏறினால் செம்பவாங் புரியும். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரயில்தடத்தில் ஏறி, டோபி காட்டில் வடக்கு தெற்குத் தடத்துக்கு மாறி, கேன்பரா நிலையத்தில் இறங்க வேண்டும். டோபி காட் இன்று நிலத்தடியில் மூன்று தடங்கள் சந்திக்கும் பரபரப்பு. ஒரு காலத்தில் அங்கே ஓடைக்கரையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்துக் காயப்போட்டார்கள். தண்ணீரோடு மல்லுக்கட்டிய நம் ஆட்களின் சுவட்டைக் கடந்துதான் வெந்நீருக்குப் போகிறோம். கேன்பராவிலிருந்து சற்று நடந்தால், அல்லது பேருந்தில் கம்பாஸ் அவென்யூவில் இறங்கினால், வேலிக்கு அப்பால் ஆகாயப்படைத் தளம், வேலிக்கு இப்பால் பூங்கா.

ஆவணங்களின்படி 1909 வாக்கில் நகராட்சிக் காவலர் குட்ஆல் இந்த ஊற்றைக் ‘கண்டுபிடித்தார்’. காட்டை ஒட்டி வாழ்ந்த கம்பத்து ஜனங்களுக்கு அது அதற்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சூடான நீர் சும்மா வந்துகொண்டிருக்கும்போது அதை ஓர் அதிகாரி வந்து பார்க்கும்வரை யாரும் தொடாமல் இருப்பார்களா? நிலம் சியா எங் கியோங் என்ற சீன வணிகருடையது. அவர் நீரைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார். 1921இல் எஃப் அண்ட் என் அந்த நிலத்தை வாங்கியது. அப்புறம்தான் மேலே சொன்ன பேதி விளையாட்டு.

ஜப்பானியர் ஆட்சியில் ஊற்றுக்குக் கொஞ்சம் ராஜமரியாதை கிடைத்தது. வெந்நீர்க் குளியலை வாழ்க்கையின் ஒரு பாகமாக வைத்திருப்பவர்கள் அவர்கள். படை அதிகாரிகளுக்காக இங்கே குளியல் தொட்டிகள் கட்டினார்கள். 1944 நவம்பரில் நேசநாட்டு விமானங்கள் செம்பவாங் கடற்படைத் தளத்தைக் குறிவைத்து வீசிய குண்டுகளில் ஒன்று ஊற்றைப் பதம் பார்த்தது. சில காலம் நீரோட்டம் தடைபட்டது. போருக்குப் பிறகு மறுபடியும் எஃப் அண்ட் என் வசம். இம்முறை ‘செலிடாரிஸ்’ என்ற பெயரில் போத்தல் நீர் வந்தது. அந்தப் பெயரை இப்போது பக்கத்தில் ஒரு கொண்டோமினியம் தாங்கி நிற்கிறது.

இந்தக் காலம் முழுதும் ஊற்றுக்குப் பக்கத்தில் தமிழர்கள் இருந்தார்கள், நிறையவே இருந்தார்கள். 1938இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்ய வந்த தமிழர், மலையாளிகள், பஞ்சாபிகளால் செம்பவாங் ஒரு குட்டி இந்தியாவாக இருந்தது. சிராங்கூன் சாலையில் வணிகர்கள் இருந்தார்கள் என்றால், இங்கே பட்டறைத் தொழிலாளர்கள். அவர்கள் கேன்பரா சாலைப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் முருகனைக் கும்பிடத் தொடங்கினார்கள். அதுதான் இன்று யீஷூன் தொழிற்பேட்டைக்கு இடம்பெயர்ந்து நிற்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் திரளும் கோயில். வெந்நீர் ஊற்றிலிருந்து அது தொலைவில்லை.

ஒரு மரத்தடியில் முருகனைக் கண்டவர்கள், பூமி பிளந்து வெந்நீர் வரும் இடத்தில் ஒரு வேலைக்கூட நடவில்லையே, ஏன்? என் ஊகம் எளியது. மரம் தொழிலாளர்கள் நடமாடிய வழியில் இருந்தது. ஊற்று நிறுவனத்தின் நிலத்துக்குள் இருந்தது, பிறகு ஜப்பானிய அதிகாரிகளின் தொட்டிக்குள், பிறகு மறுபடி நிறுவனத்திடம், 1985க்குப் பின் தற்காப்பு அமைச்சின் நிலத்தில். சாமி வருவதற்கு முன்பே வேலி வந்துவிட்டது.

சாமி இல்லாததால் பூசாரியும் இல்லை, விதியும் இல்லை. அந்த இடைவெளியை வாளிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். எண்பதுகளில் ஆகாயப்படைத் தளத்தின் விரிவாக்கத்துக்காக அரசு நிலத்தை எடுத்த பிறகும், சுற்றுவட்டாரத்து முதியவர்கள் வருவதை நிறுத்தவில்லை. சிமெண்டுத் தரை, சில குழாய்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், சிவப்பு வாளிகள். மூட்டுவலிக்காரர், தோல் நோய்க்காரர், ஓய்வுபெற்றவர், சும்மா அரட்டைக்கு வந்தவர் என்று ஒரு கூட்டம். குளிர்ந்த நீர் கலந்து பதம் பார்த்து, காலை முக்கி, மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஹொக்கியன், மலாய், தமிழ், எல்லாம் கலந்த ஒரு சிங்கப்பூர்ப் பேச்சு. அழகு என்று சொல்ல அந்த இடத்தில் ஒன்றுமில்லை. சுற்றுலாப் பயணி படம் எடுக்க ஒரு தூண்கூட இல்லை.

2002இன் தொடக்கத்தில் அமைச்சு இடத்தை மூடியது. பாத் நகரத்தில் குளத்தை மூடியபோது அரசும் முதலீட்டாளர்களும் சேர்ந்து மாற்றுவழி தேடினார்கள். இங்கே வாளிக்காரர்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். பொதுவாக மனுப்போடுவதில் அவசரம் காட்டாத ஊர் இது. ஆனாலும் எதிர்ப்பு எழுந்தது, அமைச்சு இறங்கி வந்தது, மே மாதம் வேலிக்கு நடுவே ஒரு நடைபாதை விட்டு ஊற்று மறுபடி திறந்தது. சொந்தப் பொறுப்பில் நுழையவும் என்ற அறிவிப்போடு. சிங்கப்பூரில் மக்கள் கேட்டு மீட்ட மரபிடங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள். கண்ணைக் கவரும் கட்டடம் இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்போதைய பூங்கா 2020 ஜனவரி 4இல் திறந்தது. தேசியப் பூங்காக் கழகத்தின் கைவண்ணம், 1.1 ஹெக்டேர். ஊற்றின் பழைய செங்கல் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 70 டிகிரியில் வெளிவரும் நீர், படிப்படியாக இறங்கும் தொட்டிகளின் வழியே வழிந்து, கீழே வரும்போது 40 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடுகிறது. எந்தப் படியில் காலை வைப்பது என்பது உங்கள் தோலின் தடிப்பைப் பொறுத்தது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் கால் நனைக்க ஏற்பாடு இருக்கிறது. முட்டை அவிக்கத் தனி இடம் இருக்கிறது. மூக்கை நீட்டினால் லேசாகக் கந்தக வாடை.

முட்டை விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வார இறுதிகளில் அந்தத் தொட்டியைச் சுற்றித்தான் கூட்டம், பாதி சண்டையும் அங்கேதான். அடுப்பில் கொதிக்கும் நீரில் முட்டை வெளியிலிருந்து உள்ளே வேகும், அதனால் முதலில் வெள்ளை கெட்டியாகும். இங்கே நீர் கொதிநிலைக்கு வெகு கீழே இருக்கிறது. மஞ்சள் கரு 70 டிகிரிக்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும். வெள்ளையில் பெரும்பங்கான புரதமோ 80 டிகிரியைத் தொடாமல் இறுகாது. ஆகவே பொறுமையாகக் காத்திருந்து உடைத்தால் மஞ்சள் திரண்டு, வெள்ளை பால்கோவாப் பதத்தில் தளதளவென்று விழும். கோப்பிக்கடை அரைவேக்காட்டுக்கு நேர் எதிர். ஜப்பானியர் இதை ஒன்சென் (வெந்நீர் ஊற்று) முட்டை என்று காசு கொடுத்துத் தின்கிறார்கள். நம்மவர்கள் வேகவில்லை என்று திரும்பத் தொட்டிக்குள் போடுகிறார்கள். திருப்பிப் போட்டுப் பயனில்லை. கறுப்புச் சோயாவும் வெள்ளை மிளகுத்தூளும் கொண்டுபோனவர் புத்திசாலி.

கால் நனைப்பது இவ்வளவு விளையாட்டு இல்லை. நான் போன சனிக்கிழமை காலையில், பக்கத்துப் படியில் சேலை நுனியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பாட்டி என்னைத் தடுத்தார். “தம்பி, காலை வைக்கிறதுக்கு முன்னாடி கையை வச்சுப் பாருப்பா. எனக்குச் சீனி இருக்கு, காலுக்குச் சூடு தெரியாது.” எந்தப் பலகையைவிடவும் தெளிவான எச்சரிக்கை அது. நீரிழிவு முற்றினால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். சுடுகிறது என்ற செய்தி மூளைக்குப் போகாது, தோல் மட்டும் வெந்துகொண்டிருக்கும். புண் ஆற மறுக்கும். இந்த ஊற்றில் காலைச் சுட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போன நீரிழிவு நோயாளிகள் உண்டு. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மூட்டுவலிக்கு இதம் தேடிப் போகிற அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் முதலில் தங்கள் முழங்கையை நனைத்துப் பார்க்கட்டும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. இதம் கிடைக்கும், நோய் தீராது.

பழைய வாளிக்காரர்களில் சிலருக்குப் புதிய பூங்கா பிடிக்கவில்லை. நேர்த்தி கூடிவிட்டதாம், அரட்டை குறைந்துவிட்டதாம். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம். சிமெண்டுத் தரையில் நாற்காலியை எங்கே இழுத்துப் போட்டாலும் கேட்பாரில்லை. இங்கே தொட்டிகள் சொல்லும் இடத்தில் உட்கார வேண்டும். ஆனாலும் நுழைவுச்சீட்டு வைக்கவில்லை என்பதைக் கழகத்தின் பெரிய நன்மையாக எண்ணுகிறேன். ஜப்பானிய ஒன்சென் போல் விடுதி கட்டலாமே, மசாஜ் நிலையம் வைக்கலாமே என்ற யோசனைகள் அவ்வப்போது காதில் விழுகின்றன. பாத் நகரத்தில் அதைத்தான் செய்தார்கள். அங்கே நீர் யாருக்கு என்பதைப் பணப்பை முடிவுசெய்கிறது. செம்பவாங்கில் பங்களாதேஷ் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை கால் நனைக்கும் அதே படியில்தான் கொண்டோ வாசியும் நனைக்க வேண்டியிருக்கிறது. அதைக் கெடுக்காதிருந்தால் போதும்.

எரிமலையே இல்லாத தீவில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். தீவின் நடுப்பகுதியும் வடபகுதியும் கருங்கல் பாறைமேல் அமர்ந்திருக்கின்றன. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்குப் போய், அங்குள்ள சூட்டில் காய்ந்து, இன்னொரு வெடிப்பின் வழியே ஏறி வந்துவிடுகிறது. பாத் நகரத்தில் நடப்பதும் இதேதான், பாறை மட்டும் வேறு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்பவாங்கில் சுமார் 1.76 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டபோது 122 டிகிரி வெப்பம் பதிவானது. மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை இறக்குமதி எரிவாயுவிலிருந்து எடுக்கும் நாட்டுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. நாளை அந்தச் சூட்டில் மின்சாரமோ குளிரூட்டலோ கிடைக்குமா என்ற ஆராய்ச்சி நடக்கிறது. சூட்டைக் கொண்டு குளிரூட்டுவது சிங்கப்பூருக்கே உரிய ஆசை.

இன்னொரு வெந்நீர் ஊற்று புலாவ் தெக்கோங் தீவில் இருக்கிறது. தேசிய சேவைக்குப் போகும் பையன்கள் தலைமுடியைப் பறிகொடுத்துப் பயிற்சி பெறும் தீவு. பொதுமக்கள் அங்கே நினைத்தபடி போக முடியாது. வீட்டில் தெக்கோங் போய் வந்த மகன் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஊற்றைப் பார்த்ததில்லை என்பான், சேற்றைப் பற்றி மட்டும் நிறையச் சொல்வான். ஆக, நாட்டிலிருக்கும் இரண்டு ஊற்றுகளும் படைவேலியின் பக்கத்தில். ஒன்றுக்கு மட்டும் வாளிக்காரர்கள் வழி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்கா காலை 7 மணி முதல் மாலை 7 மணிவரை திறந்திருக்கும். கட்டணம் இல்லை. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், முப்பது டிகிரி வெயிலில் நாற்பது டிகிரி நீர் யாருக்கும் இதம் தராது. முட்டையும் அதைப் போட ஒரு பாத்திரமும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ஓட்டைப் பொறுக்கிக் குப்பையில் போடுவது உங்கள் வேலை. நீரைக் குடித்துப் பார்க்கும் ஆசை வந்தால் ஸோம்புனை நினைத்துக்கொண்டு கைவிடுங்கள், திரும்பும் வழியில் டோபி காட்டில் ரயில் மாற வேண்டியிருக்கிறது.